கையாமும் அவரது நிழலும்

உமர் கையாமின் பெயரை எடுத்தால் நம்மவர் மத்தியில் இரண்டு அணிகள் எழுந்துவிடும். மதுவைப் பாடிய வழிகேடர் என்பது ஓரணி. அந்த மது இறைகாதல், கிண்ணம் இதயம், அவர் ஒரு ஸூபி என்பது மற்றது. இரு சாராரும் ஆதாரம் காட்டுவது பெரும்பாலும் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் தமிழாக்கத்தையே.

இனிய தமிழ், எனக்கும் அதில் மயக்கம் உண்டு. ஆனால் கவிமணி பெயர்த்தது பாரசீக மூலத்தை அல்ல, எட்வர்ட் பிட்ஸ்ஜெரால்ட் 1859இல் வெளியிட்ட ஆங்கில ஆக்கத்தை. பிட்ஸ்ஜெரால்டோ தனித்தனி ருபாயிகளை வெட்டியும் ஒட்டியும், விடியலில் தொடங்கி இரவில் முடியும் ஒரே கவிதையாக்கியவர். அவருக்குக் கிடைத்த ஒக்ஸ்போர்ட் கையெழுத்துப் பிரதி 1460 அளவில் எழுதப்பட்டது. கையாம் மறைந்தது 1131இல். இடையிலுள்ள முந்நூறு ஆண்டுகளில் யார் யாரோ பாடியவையும் அவர் பெயரில் ஏறின. அவற்றுள் 82 ருபாயிகள் வேறு கவிஞர்களின் பெயரிலும் வழங்குவதை ருஷ்ய அறிஞர் ஷுகோவ்ஸ்கி 1897இலேயே காட்டிவிட்டார்.

நேரில் கண்டவர் என்ன சொல்கிறார்? நிஸாமி அறூஸி ஹிஜ்ரி 506இல் பல்க் நகரில் கையாமைச் சந்தித்தவர். 530இல் நைஷாப்பூர் சென்று, தோட்டச் சுவரோரம் பூக்கள் உதிர்ந்து மூடிக்கிடந்த அவரது கபுரைக் கண்டு அழுதவர். அவரது ‘சஹார் மகாலா’வில் கவிஞர்களுக்கெனத் தனிப்பகுதி உண்டு. கையாம் அங்கே இல்லை. சோதிடர் பகுதியிலேயே வருகிறார். ஒரு ருபாயியைப் பற்றிய பேச்சுக்கூட இல்லை! அவர் எதுவுமே பாடவில்லை என்று நான் வாதிடவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் நஜ்முத்தீன் ராஸி இரண்டு ருபாயிகளை எடுத்துக்காட்டிக் கண்டித்திருக்கிறார். ஆனால் அந்தச் சிறு கையிருப்பை வைத்து ஒருவரின் ஈமானை அளக்கலாமா?

ஐயமின்றி அவருடையது அறபில் எழுதிய அட்சரகணித நூல். சாதாரண தர வகுப்பில் நாம் இருபடிச் சமன்பாட்டோடு நிறுத்திக்கொள்கிறோம். அவர் முப்படிச் சமன்பாடுகளை வகைபிரித்து, பரவளைவும் வட்டமும் போன்ற வளைவுகள் ஒன்றையொன்று வெட்டும் புள்ளிகளில் தீர்வு கண்டார். அதன் முன்னுரையில் ஒரு மனக்குமுறல் இருக்கிறது: அறிஞர் வேடமிட்டோர் உண்மையோடு பொய்யைக் கலக்கின்றனர், உண்மையை மட்டும் தேடுபவனைக் கண்டால் நகைக்கின்றனர். ருபாயிகளில் எல்லோரும் தேடும் அந்தக் கசப்பு, உவமையோ கிண்ணமோ இல்லாமல், இங்கே நேராகவே கிடக்கிறது.