சாய்ந்த எஞ்சினும் நீண்ட குழாய்களும்

மெர்சிடிஸ் பென்ஸ் 300 எஸ்.எல். காரைப் பற்றிப் பேசப் புகும் ரசிகர்கள், மேல்நோக்கித் திறக்கும் அதன் கதவுகளைப் புகழ்ந்துவிட்டு அத்துடன் நின்றுவிடுவது வழக்கம். எனக்கோ, முன்மூடியின் கீழ் மறைந்து கிடக்கும் ஆறு நீண்ட காற்றுக் குழாய்களே அதிக சௌந்தரியம் உடையவையாகத் தோன்றுகின்றன.

1952-இல் லெ மான் பந்தயத்தில் வென்ற காரில், மூன்று லிட்டர் எஞ்சின் மூன்று கார்புரேட்டர்களின் வாயிலாகச் சுவாசித்து, ஏறத்தாழ 170 குதிரைசக்தியைத் தந்தது. 1954-இல் விற்பனைக்கு வந்த காரிலோ, கார்புரேட்டர்களை அடியோடு நீக்கி, பெட்ரோலைப் பம்பின் மூலம் நேரே சிலிண்டருக்குள் பீச்சச் செய்தமையால், குழாய்களுக்குக் காற்றைச் சுமப்பதொன்றே கடமையாயிற்று. சக்தியும் 215-ஐ எட்டியது. முன்மூடி தாழ்ந்திருக்க வேண்டி எஞ்சினைப் பக்கவாட்டில் 50 டிகிரி சாய்த்ததில், அக்குழாய்கள் நீண்டு படுக்கவும் இடம் கிடைத்தது.

உள்ளே பாயும் காற்று, வால்வு மூடியதும் மோதி, அழுத்த அலையாகக் குழாயின் மறுமுனை வரை சென்று மீண்டு, வால்வு அடுத்து திறக்கும் தருணத்தில் வாசலில் வந்து நிற்குமாறு குழாயின் நீளத்தை நிர்ணயிப்பது, நாகசுரம் கடையும் ஆசாரியின் சுருதி ஞானத்துக்கு நிகரான வித்தை. நீளம் மிகுந்தால் நிதான வேகத்தில் பலம் கூடும். குறைந்தால் உச்ச வேகத்தில். மாறாத நீளமுள்ள குழாயில் இரண்டையும் ஒருசேர விரும்புகிறவர் ஏமாறத்தான் வேண்டும்.

தோஷமும் உண்டு. ஸ்விட்சை அணைத்த பின்பும், எஞ்சின் சுழன்று நிற்கும் வரை பம்ப் பெட்ரோலைப் பீச்சிக்கொண்டே இருந்தபடியால், எஞ்சின் எண்ணெய் நீர்த்துப்போய், அதை அடிக்கடி மாற்ற நேர்ந்தது. இருந்தும், அக்காலத்து ஸ்போர்ட்ஸ் கார்களில் இதைவிடத் தீர்க்கமாகச் சுவாசித்தது வேறொன்று இல்லை என்பதே என் அபிப்பிராயம்.