புண்ணுக்குக் காவல்

அடிபட்ட வீரனை ஒரு பெண் பேணும் காட்சி மேலைநாட்டுக் காதற்காவியங்களிற் பெயர்பெற்றது. அரியோஸ்தோவின் 'ஓர்லாந்தோ பூரியோசோ'வில் ஏஞ்சலிகா பச்சிலையைக் கல்லால் நசுக்கி, அதன் சாற்றை மெதோரோவின் புண்ணிற் பிழிகிறாள். 1581-இல் வெளிவந்த தாசோவின் 'விடுதலை பெற்ற எருசலேம்' காவியத்தில் எர்மினியா தன் கூந்தலையே அரிந்து தான்கிரெதின் காயங்களைக் கட்டுகிறாள். ஓவியர்களும், செப்புத் தகட்டில் அமிலத்தால் கோடரித்துப் படம் அச்சிடுவோரும் இக்காவியங்களை விரும்பித் தீட்டினர். இவற்றிற் புண் என்பது காதலுக்கு வாயில். மெதோரோவின் புண் ஆற ஆற, ஏஞ்சலிகாவின் நெஞ்சிற் காதல் வளர்கிறது.

நம் புறநானூற்றிலும் இக்காட்சி உண்டு. அரிசில்கிழார் பாடிய 281-ஆம் பாட்டு அது. தொல்காப்பியர் இத்தகைய காட்சியைத் 'தொடாக்காஞ்சி' என்பார். புண்பட்டவனைப் பேய் தீண்டாதவாறு மனைவி காத்தல் என்பது பொருள். அகத்தில் வைக்காமல் புறத்தில், அதிலும் நிலையாமை பேசும் காஞ்சித்திணையில், அவர் இதனை வைத்தது சிந்திக்கத்தக்கது. இங்கே காதல் தொடங்கவில்லை. தொடங்கிய இல்வாழ்வு நிலைக்குமா என்பதே கேள்வி.

பாட்டிற் பெண்ணின் அழகில்லை, கண்ணீரில்லை. இரவமும் வேப்பிலையும் மனையிற் செருகுதல், வெண்சிறுகடுகு தூவுதல், குழலூதல், மணியடித்தல், காஞ்சி பாடுதல், நறும்புகை எழுப்புதல் எனச் செயல்களே அடுக்கப்படுகின்றன. பெண்ணின் உள்ளத்தைப் புலவர் காட்டவில்லையே எனச் சிலர் குறை கூறலாம். யாழும் பல்லியமும் ஒலிக்கும் அம்மனையில், மையிடும் கை மட்டும் மெல்ல மெல்லப் பெயர்கிறது. அந்த மெதுவே அவள் உள்ளம். மேலும், அவள் தனித்து நிற்கவில்லை. தோழியையும் காவலுக்கு அழைக்கிறாள். வேந்தனுக்கு வந்த துன்பத்தைத் தான் தாங்கியவன் என்று வீரனைச் சொல்லி, இறுதியிற் புண்ணைச் சொல்லிப் பாட்டு முடிகிறது. அவன் பிழைத்தானா? புலவர் கூறவில்லை.

சாம்பியன் ரீப்ஸில் வாழ்ந்தோர்க்கு இப்பாட்டுக்கு உரை வேண்டுவதில்லை. 3,000 மீட்டருக்கும் கீழே, பிறர்க்குரிய பொன்னுக்காகப் பாறை வெடிப்பில் அடிபட்டோர் உண்டு. கல்தூசியால் நெஞ்சு புண்ணாகி இருமிக் கிடந்தோர் உண்டு. அவர்கள் தலைமாட்டில் விழித்திருந்த பெண்களும், உதவிக்கு ஓடிவந்த அடுத்த வீட்டுப் பெண்களும் உண்டு. 2001-இல் சுரங்கம் மூடப்பட்டது. எடுத்த பொன்னுக்குக் கணக்கு இருக்கிறது. விழித்த இரவுகளுக்கு இல்லை. அரிசில்கிழார் ஒரு மனையின் இரவை எழுதி வைத்தார். நம் மனைகளின் இரவுகளை, அறிந்தவர் உள்ளபோதே கேட்டு எழுதி வைத்தல் நம் கடன்.