விவிலியத் தமிழில் தீயும் நெருப்பும் அக்கினியும்: ஒரு குறியீட்டின் சொற்பிளவு

1. முன்னுரை

மூலமொழிச் சொல் ஒன்றிற்கு ஈடான சொல் பெறுமொழியில் கிடைக்காதபோது மொழிபெயர்ப்பாளர் அடையும் இடர்ப்பாடு பலராலும் பேசப்பட்டுள்ளது. ஒரு சொல்லுக்குப் பல சொற்கள் கிடைக்கும்போது நேரும் இடர்ப்பாடு அந்த அளவிற்குக் கவனம் பெறவில்லை. பின்னதே சில வேளைகளில் பெரிது. கிறித்தவத் திருமறையில் தலைமையான குறியீடுகளுள் ஒன்றாகிய தீ, தமிழாக்கம் பெற்ற முறை இதற்குத் தக்க சான்றாகும்.

சீகன்பால்கு பெயர்த்த புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் 1715ஆம் ஆண்டில் முழுமையாக அச்சேறியது. பப்ரீசியுசின் புதிய ஏற்பாடு 1772இலும், இரேனியுசின் புதிய ஏற்பாடு 1833இலும் வெளிவந்தன. ஹென்றி பவர் தலைமையில் அமைந்த குழுவின் திருத்தம் 1871இல் முழு விவிலியமாக வெளிவந்து, சீர்திருத்தச் சபைகளின் பொது வழக்காக நிலைபெற்றது. கத்தோலிக்கரும் பிற சபையாரும் இணைந்து உருவாக்கிய பொது மொழிபெயர்ப்பாகிய 'திருவிவிலியம்' 1995இல் வெளிவந்தது. இன்றும் வழிபாட்டில் வாசிக்கப்படுவன என்பதால் பவர் திருப்புதலையும் திருவிவிலியத்தையும் மட்டும் இக்கட்டுரை ஆய்வுக்கு எடுத்துக்கொள்கிறது. நூற்பெயர்கள் பவர் திருப்புதலில் உள்ளவாறே தரப்படுகின்றன.

2. மூலத்தில் ஒரு சொல்

பழைய ஏற்பாட்டின் எபிரேயத்தில் தீயைக் குறிக்கும் அடிப்படைச் சொல் 'ஏஷ்'. புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் 'பூர்'. சுடர், தணல் முதலியவற்றுக்குத் தனிச்சொற்கள் அம்மொழிகளில் இருப்பினும் மையச்சொல் ஒன்றே. மோசே கண்ட முட்செடியில் எரிந்ததும், இரவில் மக்களை வழிநடத்திய தூணாக நின்றதும், சோதோமை அழித்ததும், கர்மேல் மலையில் எலியாவின் பலியின்மீது இறங்கியதும் 'ஏஷ்' என்னும் ஒரே சொல்லால் சுட்டப்படுகின்றன. பெந்தெகொஸ்தே நாளில் சீடர்மேல் அமர்ந்ததும், பிரதான ஆசாரியன் வீட்டு முற்றத்தில் மூட்டப்பட்டதும், வெளிப்படுத்தின விசேஷத்தில் கடலாக விரிவதும் 'பூர்' என்பதே.

இதனால் விளையும் பொருட்பயன் எண்ணத்தக்கது. இறைமுன்னிலை, தூய்மையாக்கம், தண்டனை, இறைவாக்கின் வேகம் என்று தீக்குறியீட்டின் பொருளை நான்காக வகுத்துக் காட்டுதல் எளிது. ஆனால் மூலநூலில் இவை நான்கு குறியீடுகள் அல்ல. ஒரே குறியீட்டின் நான்கு முகங்கள். எந்த முகம் தோன்றுகிறது என்பதைத் தீயன்று, தீயில் இடப்படும் பொருளே முடிவு செய்கிறது. முதலாம் கொரிந்தியர் நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தில் பொன், வெள்ளி, விலையேறப்பெற்ற கல் ஆகியவற்றையும் மரம், புல், வைக்கோல் ஆகியவற்றையும் சோதிப்பது ஒரே தீயாகும். பொன்னுக்குப் புடமாவது வைக்கோலுக்கு அழிவாகிறது.

மேலும், தீயையும் இறைவனையும் முற்றாக ஒன்றாக்கிவிடாதவாறு மறைநூலே எல்லை வகுக்கிறது. இராஜாக்களின் முதலாம் புத்தகத்தில் பதினெட்டாம் அதிகாரத்தில் விண்ணிலிருந்து தீ இறங்குகிறது. பத்தொன்பதாம் அதிகாரத்திலோ தீயில் ஆண்டவர் இல்லை என்று கூறப்படுகிறது. ஒரே சொல் இரண்டிடத்திலும் நிற்பதாலேயே இம்முரண் கேட்போர் செவியில் படுகிறது. இருபொருட்டன்மையே இக்குறியீட்டின் உயிர். சொல்லின் ஒருமையே அத்தன்மைக்கு அடிப்படை.

3. பவர் திருப்புதலின் பங்கீடு

தமிழில் தீ, நெருப்பு, அக்கினி, அனல், தழல், கனல், எரி எனப் பல சொற்கள் உள. பவர் திருப்புதல் இவற்றைக் கண்டவாறு கலந்து வழங்கவில்லை. ஒரு பங்கீடு அதில் புலப்படுகிறது. முட்செடியில் தோன்றியது அக்கினிஜுவாலை. இரவில் நின்றது அக்கினிஸ்தம்பம். தானியேலின் தோழர் எறியப்பட்டது அக்கினிச்சூளை. இறுதித் தீர்ப்பில் வருவது அக்கினிக்கடல். மாறாக, பேதுரு இருந்த முற்றத்தில் பணியாளர் மூட்டியது நெருப்பு. மெலித்தா தீவில் மழைக்கும் குளிருக்குமாகத் தீவினர் மூட்டியதும் நெருப்பே. விறகில்லையேல் அவிவது என்று நீதிமொழிகளின் இருபத்தாறாம் அதிகாரம் கூறுவதும் நெருப்பே.

ஆகவே, குறியீடாக வருமிடத்து அக்கினி, புழங்குபொருளாக வருமிடத்து நெருப்பு என்பது இத்திருப்புதலின் பொதுப்போக்கு எனலாம். திராட்சைச் செடியின் உலர்ந்த கொடிகளை மனிதர் சேர்த்து எரிக்கும் செயல் யோவான் பதினைந்தாம் அதிகாரத்தில் 'அக்கினி'யைப் பெறுவதற்கும் அங்குள்ள தீர்ப்புப் பொருளே காரணமாகலாம். இப்போக்கிற்கு விலக்குகளும் உண்டு. மடியில் தீயை வைத்துக்கொள்பவனைப் பற்றிய நீதிமொழிகள் ஆறாம் அதிகாரத் தொடரில், வீட்டுத் தீயே குறிக்கப்படினும் அக்கினி என்றே வருகிறது. எனினும் பங்கீடு பெரும்பான்மையாகப் பேணப்படுகிறது.

இப்பங்கீட்டால் விளைந்த நன்மை மறுக்கற்பாலதன்று. வழிபாட்டு நடைக்கு வேண்டிய மிடுக்கு கிடைத்தது. யோவான் நற்செய்தியில் இப்பங்கீடு சிறந்ததோர் இணைப்பையும் காத்துள்ளது. கிரேக்கத்தில் கரித்தணலைக் குறிக்கும் 'அந்த்ராக்கியா' என்னும் சொல் புதிய ஏற்பாடு முழுவதிலும் ஈரிடங்களிலேயே வருகிறது. ஒன்று, பேதுரு மும்முறை மறுதலித்த முற்றம். மற்றொன்று, உயிர்த்த இயேசு மீன் சுட்டு வைத்து, பேதுருவிடம் மும்முறை அன்பை வினவிய கடற்கரை. பவர் திருப்புதல் ஈரிடத்தும் 'கரிநெருப்பு' என்றே கூறுகிறது. முதல் நெருப்பின் வெட்கத்தை இரண்டாம் நெருப்பு ஆற்றுவதைத் தமிழ் வாசகரும் உணர இயலுகிறது. ஒரே சொல்லைப் பேணுவதன் பயன் யாது என்பதை அத்திருப்புதலே இவ்விடத்தில் நமக்குக் கற்பிக்கிறது.

4. பிரிந்துபோன இரு நாவுகள்

இழப்பு எங்கே நேர்ந்தது என்பதை அறிய அப்போஸ்தலர் நடபடிகள் இரண்டாம் அதிகாரத்தையும் யாக்கோபு நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தையும் அருகருகே வைத்து நோக்குதல் வேண்டும். முன்னதில் ஆவியின் வருகை தீயின் சாயல்கொண்ட நாவுகளாகக் காணப்படுகிறது. பின்னதில் மனித நாவே தீ எனப்படுகிறது; சிறுபொறி பெருங்காட்டை எரிப்பதுபோல அது வாழ்நாள் முழுவதையும் கொளுத்துகிறது. கிரேக்கத்தில் இரண்டிலும் நாவைக் குறிப்பது 'குளோஸ்ஸா'. தீயைக் குறிப்பது 'பூர்'. இறைவாக்கைப் பேசவைக்கும் தீயும் அவதூறு பரப்பும் தீயும் ஒரே பெயரால் வழங்கப்படுகின்றன. எந்தத் தீ தன் நாவில் எரிகிறது என்று ஒவ்வொருவரும் தம்மையே வினவிக்கொள்ள வேண்டிய கட்டாயம் இவ்வொற்றுமையால் பிறக்கிறது.

பவர் திருப்புதலில் பெந்தெகொஸ்தே நாவுகள் 'அக்கினிமயமானவை'. யாக்கோபு கூறும் நாவோ 'நெருப்பு'. யாக்கோபின் அதே வசனத்தில் நாவைக் கொளுத்தும் நரகம் 'நரக அக்கினி' ஆகிறது. கிரேக்கத்தில் அங்கே 'கெகென்னா' என்ற சொல் மட்டுமே உண்டு, 'பூர்' இல்லை. இருந்த இணைப்பு நீங்கி, இல்லாத இணைப்பு ஒன்று புகுந்தது. திருச்சபையின் நாவுக்கும் தெருச்சண்டையின் நாவுக்கும் இடையே மூலநூல் வைக்காத வேலி தமிழில் எழுந்துவிட்டது.

5. சொற்களின் முன்வரலாறு

இச்சொற்கள் விவிலியத்துள் புகுமுன்னரே தத்தமக்குரிய வரலாற்றுடன் இருந்தன. 'அக்கினி' வேள்வியில் அவிசைப் பெறும் தேவனின் பெயர்; தென்கீழ்த்திசைக் காவலனின் பெயரும் அதுவே. திருமணத்தில் சான்றாக நிற்பதும் அக்கினியே. தீயில் ஆண்டவர் இல்லை என்னும் இராஜாக்களின் கூற்று, 'அக்கினி' என்ற சொல்லால் தமிழில் கூறப்படும்போது, மூலத்தில் இல்லாத ஒரு சமய வாதத்தின் ஒலியையும் பெற்றுவிடுகிறது.

'தீ' ஐம்பூதங்களுள் ஒன்றாகத் தொல்காப்பிய மரபியலில் இடம்பெறும் பழஞ்சொல். தீமை, தீவினை, தீங்கு ஆகிய சொற்களோடு அது ஒலியால் நெருங்கி நிற்கிறது. வள்ளுவர் தீவினையச்சத்தில் இவ்வொலியொப்புமையைப் பயன்கொண்டு, தீயைவிடத் தீயவை அஞ்சத்தக்கன என்பார். அடக்கமுடைமையில் தீச்சுட்ட புண்ணையும் நாச்சுட்ட வடுவையும் ஒப்பிட்டு, பின்னது ஆறாது என்பார். யாக்கோபின் நாவைப் படிக்கும் தமிழர்க்கு இக்குறள் நினைவிற்கு வராதிராது. ஆயினும் வேறுபாடு உண்டு: வள்ளுவரிடம் நாவு தீயினும் கொடியது, யாக்கோபிடம் நாவு தீயே.

'நெருப்பு' பேச்சுவழக்கிற்குரியது, ஆகவே மறைநூலுக்குத் தாழ்ந்தது என்ற எண்ணமும் பொருந்தாது. நல்குரவு அதிகாரத்தில் வள்ளுவரே அச்சொல்லை ஆண்டுள்ளார். ஆகவே, அக்கினி வடமொழி, நெருப்பு தமிழ் என்னும் தூய்மை வாதத்தாலோ, அக்கினி உயர்ந்தது, நெருப்பு தாழ்ந்தது என்னும் நடைவாதத்தாலோ இச்சிக்கல் தீராது.

6. மும்பையில் 'அக்கினி'

சொல்லின் மதிப்பு இடத்தால் மாறும் என்பதற்கு மும்பைத் தமிழர் வழக்கு நல்ல சான்று. தமிழ்நாட்டில் தீயை அணைக்கும் அரசுத்துறை 'தீயணைப்புத் துறை'. மும்பையில் செந்நிற வண்டிகளின்மீது மராத்தியில் எழுதப்பட்டிருப்பது 'அக்னிசமன் தள்'. ஐரோலியிலும் செம்பூரிலும் வளரும் தமிழ்ப் பிள்ளைக்கு 'அக்னி' அன்றாடம் கண்ணில் படும் தெருச்சொல். மாட்டுங்காவின் தென்னிந்தியக் கோயில்களில் அது ஓமத்திற்குரிய சொல். தாராவியின் தமிழ்ச் சபைகளில் 'அக்கினி அபிஷேகம்' என்ற மன்றாட்டில் ஒலிப்பது ஆவியின் ஆற்றல். மராத்தி விவிலியத்திலும் பெந்தெகொஸ்தே நிகழ்ச்சியை விவரிக்கும் சொல் 'அக்னி'யே. தமிழ்நாட்டில் பெரும்பாலும் சடங்கிற்குரியதாக ஒதுங்கிவிட்ட சொல், மும்பையில் சடங்கையும் தெருவையும் ஒருங்கே தொடுகிறது.

தானியேலின் 'அக்கினிச்சூளை'யில் உள்ள இரண்டாம் சொல்லையும் இவண் கருதலாம். தாராவிக் கும்பார்வாடாவில் குயவர் நெடுங்காலமாகச் சூளையிட்டு வருகின்றனர். அதன் புகையை அறிந்த வாசகருக்குச் 'சூளை' என்பதற்கு உரை வேண்டா. மண்ணை அழிக்காது கலமாக்கும் தீ எத்தகையது என்பதும் அவருக்குத் தெரியும். மொழிபெயர்ப்பாளர் தேர்ந்தெடுக்கும் சொல்லின் பொருள் அகராதியோடு முடிவதில்லை. வாசகர் வாழும் தெருவிலும் அது தொடர்கிறது.

7. திருவிவிலியமும் 'என்னும்' என்ற இடைச்சொல்லும்

திருவிவிலியம் 'அக்கினி'யைப் பெரும்பாலும் கைவிட்டு 'நெருப்பு', 'தீ' என்பவற்றை ஏற்றது. பெந்தெகொஸ்தே நாவுகள் இதில் நெருப்பைப் போன்றவை. இரவில் நின்றது நெருப்புத்தூண். அடுப்படியிலும் ஆலயத்திலும் ஒரே சொல் ஒலிப்பது மூலத்தின் இயல்புக்கு நெருங்கியதே.

ஆயின் சொல்லால் பெற்ற ஒருமை ஓரிடத்தில் இலக்கணத்தால் குறைகிறது. மத்தேயு மூன்றாம் அதிகாரத்தில் யோவான் தமக்குப்பின் வருபவரைப் பற்றிக் கூறுமிடத்துக் கிரேக்கம் ஆவியையும் தீயையும் 'காய்' என்னும் இணைப்பிடைச்சொல்லால் தொடுக்கிறது. பவர் திருப்புதல் இரண்டையும் உம்மை கொடுத்து எண்ணி நிறுத்துகிறது. திருவிவிலியம் 'என்னும்' என்ற சொல்லால் ஆவியையே நெருப்பாக்குகிறது. இணைப்பிடைச்சொல் சிலவிடங்களில் விளக்கப் பொருளிலும் வரும் என்பதால் இது பிழையான வாசிப்பன்று. எனினும் அடுத்த வசனத்திலேயே பதர் அணையாத தீயில் எரிக்கப்படுகிறது. கேட்போர் பெறப்போவது தூய்மையா, தீர்ப்பா என்ற அச்சத்தை அவ்விணைப்பு திறந்துவைக்க, 'என்னும்' என்பது அக்கதவைச் சாத்திவிடுகிறது. குறியீட்டின் இருமையைப் பவர் சொற்பங்கீட்டால் குறைத்தார் எனின், திருவிவிலியம் தொடரமைப்பால் குறைத்தது எனலாம்.

8. வினைச்சொற்களின் இடம்

பெயர்ச்சொல்லைப் பற்றிய விவாதத்தில் வினைகள் மறக்கப்படுவதுண்டு. முட்செடி எரிந்தும் 'வெந்துபோகாமல்' இருந்தது என்கிறது பவர் திருப்புதல். வேதல் சோற்றுக்கும் உரியது, உடலுக்கும் உரியது. சமைத்தலையும் எரிதலையும் ஒருங்கே தரும் இவ்வினையில், மூலம் பெயரில் வைத்த இருமை தமிழில் மீள்கிறது. தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் முதல் அதிகாரத்தில், 'பூர்' உள்ளடங்கிய கிரேக்க வினையை 'அனல்மூட்டி' என அது பெயர்த்துள்ளது. சாம்பலுள் கிடக்கும் கங்கை ஊதி எழுப்பும் செயலை அச்சொல் கண்முன் நிறுத்துகிறது.

அதே வேளையில், தீயை 'அவித்தல்' என்னும் வழக்கு இன்று பலருக்கு நீராவியில் வேகவைத்தலையே நினைவூட்டும். 'அவியாத அக்கினி' என்ற தொடரில் இளைய வாசகர் தடுமாற இடமுண்டு. 'அணையா நெருப்பு' என்னும் திருவிவிலிய வழக்கு இவ்விடத்தில் தெளிவுடையது.

9. முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பெறப்படுவன மூன்று. முதலாவது, மூலத்தில் ஒரு சொல் தாங்கும் குறியீட்டைத் தமிழின் சொல்வளத்திற்கேற்பப் பகிர்ந்தளித்தால், ஒவ்வோர் இடமும் அழகு பெறும், குறியீடோ சிதறும். இரண்டாவது, எச்சொல்லைத் தேர்வது என்பதைவிடத் தேர்ந்த சொல்லை இணைப்புடைய இடங்களிலெல்லாம் பேணுவது இன்றியமையாதது. மூன்றாவது, பெயரில் இழந்ததை வினையில் மீட்கத் தமிழ் இடந்தருகிறது.

இனி வரும் திருத்தக் குழுக்கள் ஒவ்வொரு நூலையும் தனித்தனியே திருத்துவதோடு அமையாது, தீ, நீர், ஒளி, அப்பம் போன்ற குறியீட்டுச் சொற்களின் வருகைகள் அனைத்தையும் ஒரே அட்டவணையில் வைத்து முடிவுசெய்தல் வேண்டும். பெந்தெகொஸ்தேயின் நாவும் யாக்கோபின் நாவும் அவ்வட்டவணையில் அடுத்தடுத்து நின்றால், இரண்டிற்கும் ஒரே சொல்லை வழங்கத் தயங்குவதற்குக் காரணம் இராது.