மெதுசாவில் இல்லாத ஓர் இழை

ஓரியன் நெபுலாவைப் படம் எடுத்தவர் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். மெதுசாவைத் தேடிப் போகிறவர் குறைவு. மிதுன ராசியின் தெற்கோரத்தில் இருக்கிறது அது. புரோசியான் விண்மீனுக்கு வடக்கே கையை நீட்டி முஷ்டி பிடித்தால், அந்த அகலத்துக்கும் சற்றுக் குறைவான தூரம். வெறுங்கண்ணுக்கு அங்கே எதுவும் தெரியாது. பட்டியலில் அதன் பெயர் ஏபெல் 21. ஜார்ஜ் ஏபெல் 1955-ல் அதைக் கண்டுபிடித்ததே பாலமர் வானாய்வின் புகைப்படத் தட்டுகளில்தான். ஆக, முதல் நாளிலிருந்தே அது படத்தில் வாழ்கிற பொருள். 1970-களின் தொடக்கம் வரை அதை வெடித்துச் சிதறிய விண்மீனின் எச்சம் என்று நினைத்திருந்தார்கள். வாயு விரியும் வேகத்தை அளந்தபோதுதான் கோள்வடிவ நெபுலா என்பது தெளிந்தது. சூரியனைப் போன்ற ஒரு விண்மீன் கடைசிக் காலத்தில் உதறிய போர்வை அது. 1500 ஒளியாண்டுத் தொலைவில், சுமார் 4 ஒளியாண்டு அகலத்துக்கு இழை இழையாகப் பிரிந்து கிடக்கிறது. கூந்தலுக்குப் பதில் பாம்புகள் நெளியும் கிரேக்கக் கதையின் மெதுசா பெயர் அதனால்தான் ஒட்டிக்கொண்டது.

தமிழ்நாட்டில் இருப்பவருக்கு இதில் ஓர் அனுகூலம் உண்டு. வான நடுவரைக்கு வடக்கே 13 பாகையில் இருக்கிறது மெதுசா; சென்னையின் அட்சரேகையும் 13 பாகைதான். காவலூர் வானாய்வகம் இருக்கும் ஜவ்வாது மலையில் நின்றால், பிப்ரவரி நடுவில் இரவு பத்து மணி வாக்கில் அது உச்சந்தலைக்கு மேலே கடந்து போகும். காற்றுமண்டலம் மிகக் குறைவாகக் குறுக்கிடும் இடம் அது. ஐரோப்பாவிலிருந்து படமெடுப்பவருக்கு இது வாய்க்காது.

ஆனால் அதற்கும் விலை உண்டு. தொலைநோக்கியைத் தாங்கித் திருப்பும் மவுண்டை வடதுருவத்தை நோக்கிச் சீர்செய்ய துருவ விண்மீன் வேண்டும். நமக்கு அது அடிவானத்திலிருந்து 12 பாகைதான் மேலே. பாதி நாள் புழுதிப்படலத்தில், மீதி நாள் யாரோ ஒருவரின் புளியமரத்துக்குப் பின்னால். அதைத் தாண்டினால் இன்னொன்று காத்திருக்கும். நான் மலையில் படமெடுத்த முதல் இரவு, மெதுசா உச்சியை நெருங்கிய நேரத்தில் லேப்டாப்பில் விண்மீன்கள் கோடுகோடாக இழுபட ஆரம்பித்தன. டார்ச்சோடு போய்ப் பார்த்தேன். தொலைநோக்கி செங்குத்தாக நின்றதால் அதன் அடியில் மாட்டிய கேமரா ட்ரைபாட் காலில் முட்டி நின்றுவிட்டது. மோட்டார் மட்டும் முனகிக்கொண்டிருந்தது. கேமராவுக்குக் காயமில்லை, எனக்குத்தான் தூக்கம் போயிற்று.

என்னுடையது 80 மில்லிமீட்டர் விட்டம், 400 மில்லிமீட்டர் குவியத் தூரம் கொண்ட சிறிய தொலைநோக்கி. அதன் பின்னால் குளிரூட்டப்பட்ட கறுப்புவெள்ளைக் கேமரா. ஹைட்ரஜனின் 656.3 நானோமீட்டர் ஒளிக்கு ஒரு ஃபில்டர், ஆக்சிஜனின் 500.7 நானோமீட்டருக்கு இன்னொன்று. ஃபிரேமுக்கு ஐந்து நிமிடம் என்று மூன்று இரவுகளில் 180 எடுத்தேன். மேகமும் காற்றும் அந்த ட்ரைபாட் காலும் சேர்ந்து 31-ஐக் கெடுத்துவிட்டன. மிஞ்சியது 149: ஹைட்ரஜனில் 81, ஆக்சிஜனில் 68.

ஒற்றை ஃபிரேமில் மெதுசா, ஈரத்துணியால் துடைத்த கரும்பலகையில் மிஞ்சிய சாக்பீஸ் தடம் போல் இருந்தது. இருக்கிறதா இல்லையா என்றே சந்தேகம். 81 ஃபிரேம்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி எடுத்ததும் இரைச்சல் ஒன்பதில் ஒரு பங்காகக் குறைந்தது. பிறைபோன்ற உடலும் அதன் குறுக்கே ஓடும் இழைகளும் மேலெழுந்து வந்தன. இந்தப் பழக்கத்தின் அசல் பலம் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. ஃபிரேம்களின் எண்ணிக்கைக்கு வர்க்கமூலம் எவ்வளவோ அவ்வளவு தெளிவு. இதில் கைவண்ணம் எதுவும் இல்லை, பொறுமைக்குக் கிடைக்கும் கூலிதான். இன்னும் ஒரு மடங்கு தெளிவு வேண்டுமென்றால் 81 ஃபிரேம் 324 ஆக வேண்டும். மலைக்குப் போய்வரும் செலவையும் அலுவலக விடுப்பையும் நினைத்துப் பார்த்தால் பெரும்பாலோர் இந்த இடத்தில் நின்றுவிடுகிறோம்.

நிற்காதவர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். 2011-ல் பிரான்ஸின் நிக்கோலா ஊட்டெர் ஆக்சிஜன் ஃபில்டரோடு செஃபியஸ் பகுதியில் நீண்ட நேரம் படமெடுத்தபோது, முழுநிலவைப்போல் இரு மடங்குக்கும் மேல் நீளமான கணவாய் மீன் வடிவ நெபுலா ஒன்று அகப்பட்டது. இன்று அதன் பெயர் ஓயு4. 2022-ல் நடந்தது இன்னும் பெரிய வியப்பு. எண்ணற்ற முறை படமெடுக்கப்பட்ட ஆண்ட்ரோமெடா கேலக்ஸிக்குப் பக்கத்திலேயே ஒரு பெரிய ஆக்சிஜன் வளைவு இருப்பதை ஸ்ட்ரோட்னர், டிரெக்ஸ்லர், சாந்தி என்ற மூவர் காட்டினார்கள். பெரிய ஆய்வகங்களில் ஒரு வான்பகுதிக்கு அத்தனை இரவுகளை ஒதுக்க மாட்டார்கள். வீட்டுத் தோட்டத்தில் தொலைநோக்கி வைத்திருப்பவர் ஒதுக்குவார். இந்தச் சம்பவத்தில் என்னை அதிகம் கவர்ந்தது வேறொரு விஷயம். அந்த வளைவு வேறு இடங்களில், வேறு கேமராக்களிலும் பதிவான பிறகே ஏற்கப்பட்டது.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. ஓரியனில் நான் ஒரு தப்பு செய்தால் ஆயிரம் படங்கள் சாட்சி சொல்லும். யாரும் போகாத நெபுலாவில்தான் என் படத்துக்கு மதிப்பு. அங்கேதான் என் படத்தைச் சரிபார்க்க ஆளும் இல்லை.

என் கேமராவின் படம் ஆறாயிரத்துச் சொச்சம் புள்ளி அகலம். முழுநிலவில் மூன்றில் ஒரு பங்கே உள்ள மெதுசா அதில் பிடிக்கும் இடம் சுமார் 300 புள்ளி. இந்தத் தபால்தலையை வெட்டியெடுத்துப் பெரிதாக்கி, செயற்கை நுண்ணறிவில் இயங்கும் கூர்மையாக்கும் மென்பொருள் ஒன்றில் போட்டேன். சில நொடிகளில் மங்கல் போய் இழைகள் முறுக்கிக்கொண்டு நின்றன. அழகோ அழகு. பெருமையாகத்தான் இருந்தது. பிறகு, ஐரோப்பியத் தெற்கு வானாய்வகம் சிலியிலிருந்து 8.2 மீட்டர் ஆடி கொண்ட தொலைநோக்கியால் எடுத்து 2015-ல் வெளியிட்ட மெதுசா படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். என் படத்தில் இரண்டு முடிச்சுகளை இணைத்து ஓடிய ஓர் இழை அந்தப் படத்தில் இல்லை. முடிச்சுகள் இருந்தன, இடையில் வெறும் வானம். இருட்டில் இருந்த இரைச்சலை மென்பொருள் தன் பழக்கத்தில் இழையாகத் திரித்துவிட்டது.

மெதுசாவுக்கு 8.2 மீட்டர் சாட்சி இருந்ததால் பிடிபட்டது. ஏபெல் 1966-ல் வெளியிட்ட பட்டியலில் 86 பெயர்கள் உண்டு. அவற்றில் எத்தனைக்கு இப்படி ஒரு சாட்சி அமையும்?

விண்மீன்களை நீக்குவது இன்றைய இன்னொரு மோகம். நெபுலா மட்டும் தனியே மிதக்கட்டும் என்று மென்பொருளை ஏவி எல்லா விண்மீன்களையும் துடைத்துவிடுகிறார்கள். அவை இருந்த குழிகளை மென்பொருள் ஊகத்தால் நிரப்பும். கோள்வடிவ நெபுலாவில் இதை நான் பெரிய பிழை என்றே சொல்வேன். நடுவே மங்கலாக நிற்கும் அந்த வெண்குறு விண்மீன்தான் இந்த வாயுவை உதறியது; இன்றும் அதை ஒளிரச் செய்வதும் அதுவே. தாயை வெட்டிவிட்டு எடுத்த குடும்பப் படம் போல ஆகிவிடுகிறது.

நிறத்தைப் பற்றிய புகாரைத்தான் எல்லோரும் முதலில் சொல்வார்கள். "இதெல்லாம் நீங்களாகப் போட்ட கலர்தானே?" என்று கேட்காத உறவினர் இல்லை. எனக்கு அது சின்ன விஷயம். சிலிப் படத்தில் ஆக்சிஜன் பச்சை. அமெச்சூர் படங்கள் பலவற்றில் நீலம். 500.7 நானோமீட்டர் நீலமும் பச்சையும் கலக்கும் இடம் என்பதால் இரண்டையும் ஏற்கலாம். எந்த வாயுவுக்கு எந்த நிறம் என்று சொல்லிவிட்டால் போதும். யாரும் கேட்காத பிழை ஒன்று இதைவிடப் பெரியது. மெதுசாவில் என் ஆக்சிஜன் பதிவு ஹைட்ரஜனைவிட மிக மங்கல். படம் எடுப்பாக இருக்கவேண்டும் என்று அதைத் தனியே பல மடங்கு தூக்கி ஹைட்ரஜனுக்குச் சமமாக்கிவிடுகிறோம். நிறம் பொய் சொல்லவில்லை, விகிதம் சொல்கிறது.

ஃபில்டர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 3 நானோமீட்டர் அலைப்பட்டையை மட்டும் விடும் ஃபில்டர் தெருவிளக்கின் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். சென்னை மொட்டைமாடியிலிருந்தே ஹைட்ரஜன் படம் எடுக்கலாம். மலைக்குப் போக முடியாதவர்களுக்கு இது வரம், மறுக்கவில்லை. ஆனால் ஃபில்டர் வந்தபின் இருண்ட வானம் வேண்டும் என்று குரல் கொடுக்கும் ஆர்வலர்கள் குறைந்துவிட்டார்களோ என்று எனக்குத் தோன்றுகிறது. விண்மீன் ஒளியைப் பிரதிபலிக்கும் தூசுமுகில்களுக்கு இந்த ஃபில்டர் உதவாது. அவற்றுக்கு நிஜ இருட்டுதான் வேண்டும். இத்தனைக்கும் நல்ல ஃபில்டரும் கேமராவும் சேர்ந்து லட்சத்தைத் தாண்டும். இருட்டுக்கு விலை கிடையாது.

இதையெல்லாம் சொல்வதால் படமெடுப்பதை நிறுத்தச் சொல்கிறேன் என்று கொள்ளவேண்டாம். நான் மீண்டும் மலைக்குப் போவேன். நண்பர்களிடம் கேட்பது இவ்வளவுதான். படத்துக்குக் கீழே எத்தனை ஃபிரேம், எந்த ஃபில்டர் என்று எழுதுகிறீர்கள் அல்லவா? அதனருகே, அடுக்கி முடித்ததும் கிடைத்த கூர்மையாக்காத கறுப்புவெள்ளைப் படத்தையும் போடுங்கள். விண்மீன்களை விட்டுவையுங்கள். அழகு குறைந்தால் குறையட்டும்.

என் மெதுசாவை அப்படித்தான் அச்சிட்டு வைத்திருக்கிறேன். 300 புள்ளி அகலம், உள்ளங்கைக்குள் அடங்கும்; அந்த இழை அதில் இல்லை.