அளவை முதல், ஆண்டவன் பிறகு

பழனியிலிருந்து கொழுமம் போகும் பாதையில், பாப்பம்பட்டிக்குப் பக்கத்தில் ஐவர்மலை. மேலே இயற்கைக் குகைத்தளத்தின் நெற்றியில் தீர்த்தங்கரர் உருவங்களை வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள். சக ஆண்டு 792 (கி.பி. 870) கல்வெட்டு ஒன்றும் உண்டு. வரகுண பாண்டியனின் எட்டாம் ஆட்சியாண்டில் சாந்திவீரக் குரவர் என்ற துறவி பார்சுவநாதர், இயக்கியர் திருமேனிகளைப் புதுப்பித்து 505 காணம் பொன் வைத்ததை அது சொல்கிறது. பாண்டியர் காலக்கணக்குக்கு அது பெரிய ஆதாரம். எனக்கு வேறொரு காரணத்தால் முக்கியம். கும்பிடவும் நோன்பிருக்கவும் பொன் கொடுக்கவும் தெரிந்த அந்தச் சமணக் கூட்டம், உலகைப் படைத்த கடவுள் ஒருவர் உண்டென்பதை ஒப்புக்கொள்ளாத கூட்டம்.

ஆத்திகம், நாத்திகம் என்று இரண்டு கட்சி கட்டி, தர்க்கம் யார் சொத்து என்று இன்று கேட்கிறோம். பழைய சமயவாதிகளிடம் கோடு வேறு இடத்தில் ஓடியது. சமணர், பௌத்தர், ஈசுவரனை ஏற்காத நிரீச்சுர சாங்கியர் ஆகியோருக்குப் படைப்புக் கடவுள் இல்லை, மறுபிறவி உண்டு. வேதமே கதி என்றிருந்த மீமாஞ்சகருக்கும் படைத்தவன் தேவைப்படவில்லை. எனவே வாதத்துக்கு உட்கார்ந்ததும் எந்த அளவையை, அதாவது அறியும் வழியை, ஒப்புகிறாய் என்றுதான் முதலில் கேட்டார்கள். கடவுள் விவகாரம் அதற்குப் பிறகு.

மணிமேகலைக் காப்பியத்தில் வஞ்சி நகரத்துச் சமயக்கணக்கர் வரும் காதையைப் பாருங்கள். அளவைவாதி பத்து அளவைகளை அடுக்குகிறான். கடைசியில் வருபவன் பூதவாதி. தாதகிப் பூவும் வெல்லக்கட்டியும் கூடினால் கள்வெறி பிறப்பதுபோல, பூதங்கள் கூடினால் உணர்வு பிறக்கும், கண்டதே மெய் என்கிறான். காப்பிய நாயகி மணிமேகலை சிரித்துக்கொண்டே திருப்புகிறாள்: உன் தாய் தந்தையை அனுமானத்தால் அல்லாமல் எப்படி அறிந்தாய்? அவன் பதில் நூலில் இல்லை. பின்னால் பௌத்தத் துறவி அறவண அடிகள் காட்சி, அனுமானம் இரண்டே போதும் என்கிறார். மலையில் புகை தெரிந்தால் நெருப்பு உண்டு, அடுக்களையில் கண்டதுபோல. கோடையில் சிறுமலைச் சரிவில் புகையைப் பார்த்ததும் வனத்துறைக்குப் போன் போடும் திண்டுக்கல்காரர் செய்வதும் இதே அனுமானம்தான்.

13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார், பிற மதங்களை ஆராயும் பரபக்கத்தில் பதினான்கு மதங்களை நிறுத்தி மறுக்கிறது. முதல் ஆள், பூதவாதியைப் போலவே கண்டதே மெய் என்னும் உலகாயதன். தன் கொள்கையைச் சொல்லும் சுபக்கமோ பத்து அளவைகளையும் காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடக்குகிறது. குடத்துக்குக் குயவன்போல உலகுக்கு ஒரு கர்த்தா என்பது கருதல், அதாவது அனுமானம். இங்கேதான் எனக்கு இடறுகிறது. குயவர் வனைவதைப் பலமுறை பார்த்திருக்கிறோம். உலகம் உண்டாவதை எவரும் பார்த்ததில்லை, ஒப்பிட இன்னோர் உலகமும் இல்லை. அடுக்களையைக் காட்டாமல் புகையை மட்டும் காட்டுகிற அனுமானம் இது. அதற்காகப் பூதவாதி ஜெயித்துவிட்டான் என்றும் ஆகாது. அனுமானம் செல்லாது என்று நிறுவவே அனுமானம் வேண்டும். உணர்வு பூதக்கூட்டிலிருந்து வரட்டும். சரியான வாதத்தின் முடிவை ஏற்றே தீரவேண்டும் என்ற கட்டாயம் எந்தப் பூதத்திலிருந்து வந்தது? இறைவன் வகுத்தான் என்றாலும் தீரவில்லை. அந்த முடிவுக்கு வந்துசேரவே தர்க்கம் முன்கூட்டி வேண்டியிருக்கிறது.

பூதவாதிக்கு ஒரு பெருங்குறை உண்டு. தமிழில் அவன் சொந்த நூல் எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. அவன் பேசுவதெல்லாம் எதிராளி வாயால்தான். பௌத்தரின் குண்டலகேசிக்கும் ஏறக்குறைய இதே கதி. அதை மறுக்க எழுந்த சமண நீலகேசியின் உரைதான் அதன் பல பாடல்களின் முதற்குறிப்பைக் காப்பாற்றி வைத்திருக்கிறது.

இந்தக் குறை தீர அச்சு வரவேண்டியிருந்தது. 1882இல் சென்னை இலௌகிக சங்கத்தாரின் தத்துவ விவேசினி, 1925இல் பெரியாரின் குடி அரசு, பிறகு சிங்காரவேலரின் அறிவியல் கட்டுரைகள் என்று நாத்திகன் தன் வாயாலேயே பேசத் தொடங்கினான். கர்த்தாவுக்குக் கர்த்தா யார் என்ற கேள்வி ஊருக்கு ஊர் மேடையேறியது. தோன்றி அழிவதற்குத்தான் கர்த்தா வேண்டும், இறைவன் தோன்றாதவன் என்ற மறுமொழி சித்தாந்திகள் கையில் நூற்றாண்டுகளாகத் தயாராக இருந்தது. அது போதுமா என்று நேருக்கு நேர் உட்கார்ந்து அலசியவர்கள் இரு பக்கமும் குறைவு. நான் அறிந்த சித்தாந்த வகுப்புகளில் இன்றும் பரபக்கத்தைத் தாண்டி நேரே சுபக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். அருணந்தியார் முதல் ஆளாக நிறுத்திய உலகாயதனை மாணவர்கள் சந்திப்பதே இல்லை.