பிழைத்தால் மட்டும் போதுமா?

கூட்டிலிருந்து விழுந்த மைனாக் குஞ்சொன்றை எடுத்து ஊட்டி வளர்த்து, அது தோளில் வந்து உட்காருவதைப் படம் பிடித்து முகநூலில் போடும் வழக்கம் மட்டக்களப்பிலும் பரவிவிட்டது. பாராட்டுகள் குவிகின்றன. இது சரிதானா என்று யாராவது கேட்டால், வளர்ப்பவர்களின் சார்பில் ஒரு பதில் தயாராக இருக்கிறது: காகம் குயிலை வளர்க்கவில்லையா, அது குயிலாகத்தானே வளர்கிறது, மனிதன் வளர்த்தால் மட்டும் என்ன கெட்டுவிடும்? கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இந்த வாதம் அடிப்படையிலேயே தவறானது.

ஒப்புக்கொள்ள வேண்டியவற்றை முதலில் ஒப்புக்கொள்கிறேன். மட்டக்களப்பின் புளியந்தீவு நெருக்கமான ஊர். கச்சான் காற்று பலமாக அடிக்கும் நாட்களில் கூட்டோடு விழும் குஞ்சுக்குப் பூனை, நாய், காகம், முச்சக்கரவண்டி என்று நாலு பக்கமும் ஆபத்து. வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் சிகிச்சை நிலையம் இருப்பதோ இலங்கைத் தீவின் மறுகரையில், கொழும்பின் புறநகரான அத்திடியவில். சிறகு முறிந்த குஞ்சு அதுவரை தாங்காது. பெரும்பாலான காட்டுப் பறவைகளைப் பிடித்து வைத்திருப்பது 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டப்படி குற்றம் என்பதும் உண்மை. ஆனாலும் இரக்கப்பட்டுக் குனிந்து எடுப்பவரைச் சட்டத்தைக் காட்டி மிரட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

உணவில் நேரும் தவறுகளும் திருத்தக்கூடியவையே. பாலில் நனைத்த பாண் கொடுக்கக்கூடாது. பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் ஆற்றல் பறவைக்கு இல்லை. வாய்க்குள் தண்ணீர் சொட்டினால் அது மூச்சுக்குழாய்க்குள் போய் உயிரையே எடுத்துவிடும். சோற்றை மட்டும் கொடுத்தால் சுண்ணச்சத்துக் குறைந்து கால் வளைந்துவிடும். இவற்றை ஒரே நாளில் சொல்லிக் கொடுத்துவிடலாம். என் ஆட்சேபம் பிழையாக வளர்ப்பவர் மீதல்ல, எல்லாவற்றையும் சரியாகச் செய்பவர் மீதுதான். விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை அரை மணிக்கொரு தடவை ஊட்டி, குஞ்சைக் கொழுகொழுவென்று வளர்த்தெடுக்கிறாரே, அவர் கையிலிருப்பது முழு ஆரோக்கியமான, ஆனால் வெளியில் வாழத் தெரியாத ஒரு பறவை.

குயிலுக்கே வருவோம். பிற பறவையின் கூட்டில் வளர்வது குயிலினத்துக்குப் பல்லாயிரம் தலைமுறைப் பழக்கம். காகத்தையே பார்த்து வளர்ந்தாலும் தன்னினத்தைக் கண்டுகொள்ளும் திறன் அதற்குள் ஊறியிருக்கிறது. மைனாவுக்கோ கிளிக்கோ செண்பகத்துக்கோ அப்படியொரு பழக்கம் இல்லை. தாம் யார் என்பதை அவை வளர்ப்பவரைப் பார்த்தே பெருமளவு கற்கின்றன. முட்டையிலிருந்து வந்ததும் தன்னைக் கண்ட வாத்துக் குஞ்சுகள் தன்னையே தாயாகக் கொண்டு பின்தொடர்ந்ததை விலங்கு நடத்தை அறிஞர் கொன்ராட் லோரன்ஸ் 1935இலேயே விளக்கி எழுதினார். அதோடு, காகம் குயில் குஞ்சை மரத்தில் வைத்துத்தான் வளர்க்கிறது. மேலே வல்லூறு கடந்தால் எழும் கூச்சலை அந்தக் குஞ்சும் கேட்கிறது. நம் வீட்டுக் காட்போட் பெட்டியில் அந்தக் கூச்சல் கேட்பதில்லை.

மைனாக் குஞ்சு கூட்டை விட்டு இறங்கிய பிறகு நடப்பதை நின்று பார்த்தவர்களுக்கு இது விளங்கும். வால் கட்டையாக, அலகோரம் மஞ்சளாக, அது தாய் பின்னால் புல்லில் தத்தித் தத்திப் போகும். தாய் அலகைப் புல்லுக்குள் நுழைத்து விரித்து அடியில் கிடக்கும் பூச்சியை எடுக்கும். குஞ்சும் அப்படியே நுழைத்துப் பார்க்கும். வேலியோரம் பூனை அசைந்தால் தாயிடமிருந்து கரகரத்த ஒரு கத்தல் வரும். குஞ்சு அந்தக் கணமே செடிக்குள் பதுங்கும். இந்தப் பாடம் சில வாரங்கள் நடக்கும். அதே வாரங்களில் வீட்டில் வளரும் குஞ்சு என்ன கற்கிறது? விறாந்தையில் படுத்திருக்கும் பூனையால் தீங்கில்லை, மனிதக் கை என்றால் சாப்பாடு. வாழ்நாள் முழுவதும் அதைக் காக்க வேண்டிய பயத்தை நாம் அன்பின் பெயரால் பறித்துவிடுகிறோம். தோளில் வந்து உட்காருவதை நன்றி என்று எழுதுகிறார்கள். அதில் எனக்குத் தெரிவது ஊனம்.

நிபுணர்கள் வளர்த்தால் சரியாகிவிடும் என்று சொல்வோருக்கும் ஒரு செய்தி உண்டு. வட அமெரிக்காவில் அழியும் நிலைக்குப் போன ஒரு பெருங்கொக்கு இனத்தை மீட்க 2001இல் தொடங்கிய முயற்சியில், வளர்ப்பவர்கள் உடலையும் முகத்தையும் வெள்ளை உடையால் மூடிக்கொண்டார்கள்; கொக்குத் தலை வடிவப் பொம்மையால் ஊட்டினார்கள்; சிறு விமானத்தை முன்னால் ஓட்டி வலசைப் பாதையைக்கூடக் காட்டினார்கள். பறவைகள் பிழைத்தன, வலசை போயின, சோடியும் சேர்ந்தன. குஞ்சு வளர்க்க மட்டும் அவற்றுக்குப் பெரும்பாலும் வரவில்லை. 2016இல் அமெரிக்க வனவுயிர்த் துறை விமான வழிநடத்தலை நிறுத்தி, கொக்குகளே குஞ்சு வளர்க்கும் முறைக்குத் திரும்ப முடிவெடுத்தது. அத்தனை கவனத்துக்கும் எட்டாதது நம் குசினி மூலையில் கைகூடும் என்று எப்படி நம்புவது?

அருகிலேயே இன்னொரு சான்று இருக்கிறது. உத்தரப் பிரதேசத்தின் அமேதியில் கால் முறிந்த சாரஸ் கொக்கை ஒரு விவசாயி 2022இல் காப்பாற்றினார். வளர்ந்த பறவைதான் அது. ஆனாலும் அவரது மோட்டார் சைக்கிளைத் தொடர்ந்து பறக்கும் அளவுக்கு ஒட்டிக்கொண்டது. நாடே அந்தக் காணொளியைக் கொண்டாடியது. 2023 மார்ச்சில் வனத்துறை அதை எடுத்துச் சரணாலயத்தில் விட்டது. அது அங்கே தங்கவில்லை, பக்கத்து ஊருக்குள் போய்விட்டது. கடைசியில் கான்பூர் மிருகக்காட்சிசாலைக் கூண்டில் அடைத்தார்கள். வனத்துறை கொடுமை செய்தது என்று பெரும்பாலோர் கொதித்தார்கள். அந்தக் கொக்கு ஏன் சரணாலயத்தில் தங்கவில்லை என்ற கேள்வி அந்தக் கொதிப்பில் அமுங்கிப்போனது.

வேறு என்ன செய்வது என்று கேட்பார்கள். நிலத்தில் கிடக்கும் குஞ்சுகளில் பல, பறக்கப் பழகும் நாட்களில் தாமாக இறங்கியவை. இறகு முளைத்திருந்து, விரலை இறுகப் பற்றிக்கொண்டால் அருகிலுள்ள செடியில் ஏற்றிவிட்டு நாயையும் பூனையையும் கட்டிப்போடுவதே போதும். இறகில்லாத குஞ்சென்றால் பழைய கூட்டில் வைக்க வேண்டும். கூடு சிதைந்திருந்தால் சிறு பனையோலைப் பெட்டியில் தும்பு பரப்பி அதே மரத்தில் கட்டிவிட்டு, தள்ளி நின்று கவனிக்கலாம். கை பட்டால் தாய் சேர்க்காது என்பது வெறும் கட்டுக்கதை. கூகைக் குஞ்சு பகலில் தனியே தெரிந்தால் கைவிடப்பட்டது என்று பொருளில்லை. அதன் பெற்றோர் இரவில்தான் இரை கொண்டுவரும். உண்மையிலேயே அநாதையான குஞ்சென்றால் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். அதுவரை ஒருவர் கை மட்டும் படட்டும். பேச்சும் கொஞ்சலும் பெயரிடுவதும் படமெடுப்பதும் வேண்டாம்.

இப்படி ஒரு மணி நேரத்தில் முடியும் மீட்பில் காட்டுவதற்குக் காணொளி எதுவும் மிஞ்சாது, பாராட்டும் வராது. பல மாதம் வீட்டில் வைத்திருப்பதற்கோ இரண்டும் கிடைக்கின்றன. இந்தப் பழக்கம் பெருகுவதற்கு இரக்கத்தைவிட இதுவே பெரிய காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். இனி யாராவது வளர்த்த குஞ்சைக் காட்டினால், எத்தனை நாள் வளர்த்தீர்கள் என்று கேட்க வேண்டாம். தன் இனத்தோடு சேர்ந்ததா, மனிதரைக் கண்டால் பறந்தோடுகிறதா என்று கேளுங்கள். இரண்டுக்கும் ஆம் என்று சொல்ல முடியாதவர் ஓர் உயிரைப் பிழைக்க வைத்திருக்கலாம். ஒரு காட்டுப் பறவையைக் காப்பாற்றவில்லை.