கிரகாம் டெய்லர்: டர்னிப்புக்கு முன்னால்

கிரகாம் டெய்லர் என்றதும் பலருக்கு ஞாபகம் வருவது, 1992ல் சன் பத்திரிகை அவர் தலையை டர்னிப் கிழங்காக்கிப் போட்ட படம்தான். 1994 உலகக் கோப்பைக்கு இங்கிலாந்து தகுதி பெறவில்லை என்பதோடு அவர் கதையை முடித்துவிடுகிறார்கள். எனக்கு இந்தக் கணக்கு ஒப்பவில்லை.

ஆட்டக்காரராக அவர் கிரிம்ஸ்பி, லிங்கன் என்று கீழ் டிவிஷன்களிலேயே ஆடிய டிஃபெண்டர். இடுப்புக் காயத்தால் ஆட்டத்தை விட்டார். 28 வயதில் லிங்கனுக்கே மேனேஜர். 1975-76ல் 46 ஆட்டங்களில் 32 வெற்றி, 111 கோல், நான்காவது டிவிஷன் பட்டம். அடுத்து வாட்ஃபோர்டு. 1977ல் அவர் போனபோது அதுவும் நான்காவது டிவிஷன்தான். 1982ல் முதல் டிவிஷன். 1983ல் லிவர்பூலுக்கு அடுத்த இடம்!

'பந்தைத் தூக்கி அடிக்கிற ஆட்டம்'னு கிண்டல் பண்ணினாங்க. வெறும் தூக்கி அடித்தலில் இவ்வளவு தூரம் வரமுடியுமா? விங்கில் ஜான் பார்ன்ஸ், முன்னால் லூதர் பிளிசெட், எதிரணிக்கு மூச்சுவிட இடம் தராத ஓட்டம். இதெல்லாம் தினசரிப் பயிற்சியில் உருவாவது. தேசிய அணி மேனேஜருக்கு அந்த நாட்கள் கிடைக்காது; டெய்லரின் முக்கியக் கருவியே அங்கே கையில் இல்லை. வாடல், பியர்ட்ஸ்லி போன்றவர்களை ஒதுக்கியது அவர் தவறுதான், அதை மறுக்கலை. ஆனால் முதலில் வாட்ஃபோர்டின் அந்த வருஷங்களைப் படியுங்கள், தீர்ப்பு அப்புறம்.